முகம் நனையாமல்

பிப்ரவரி 11

என் அக்காவுக்கு,

ஆண்டவர் கிருபையில் உன் சிட்டு சுகம். நீயும் அத்தானும் உன் மாமியாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலையில் ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். உன் முதுகு வலி குறைந்ததா?

போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். உன் வீட்டுப் போன் கூடத்தில் இருக்கிறது. அதற்குப் பக்கத்து நாற்காலியில் உன் மாமியார் இருக்கிறார். அதனால்தான் கடிதம்.

லிஃப்ட்காரர் கேட்டுவிட்டார் அக்கா. எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிற கட்டடத்தில் லிஃப்ட் பழுதுபார்க்க வருகிறவர், உனக்கு எழுதியிருக்கிறேனே, அவர்தான். கடைக்கு ஒரு கண்ணாடி செய்துகொள்ள வந்தார். அதன் பிறகு திருகு லூசாகிவிட்டது என்று மாதா மாதம் வந்தார். ஒரு லிஃப்டையே கழற்றி மாட்டுகிற மனிதருக்கு இத்துணூண்டு திருகை முறுக்கத் தெரியாதா என்று கடையில் எல்லாரும் என்னைக் கேலி செய்வார்கள். போன சனிக்கிழமை கவுன்டர் முன்னால் நின்று, "எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராதுங்க. மேலன்னா மேல, கீழன்னா கீழ. நாம கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார். "மேலதான்" என்றேன். என் வாயா அது என்று இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது.

அவர் அம்மாவுக்கும் சம்மதம். ஒன்றே ஒன்றுதான். நமக்குக் கைக்குழந்தையில் தலையில் தண்ணீர் தெளித்தார்களே, அதை அவர்கள் சபையில் ஞானஸ்நானமாக ஏற்பதில்லை. வளர்ந்த பிறகு தானே விரும்பித் தொட்டியில் இறங்கி, முழுக்க மூழ்கி எழ வேண்டும். ஜூன் பதினைந்து ஆராதனையில் என் பெயரும் இருக்கிறது. முழுக்க என்றால் முழுக்க. போதகர் தலையைப் பின்னால் சாய்த்து, முகம் தண்ணீருக்கு அடியில் போகும்வரை அமிழ்த்துவார்.

இப்போது புரிகிறதா? இடது புருவத்தில் ஆரம்பித்துத் தாடை வரைக்கும் நான் பிறந்ததிலிருந்தே சிவந்து கிடக்கும் அந்தத் திட்டை, உன் கல்யாணத்தன்று நீ க்ரீம் குழைத்து மூடினாய். அதிலிருந்து இந்த ஆறு வருஷம் அதைப் பார்த்தவர் யாரும் இல்லை. இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததே மூடிய முகத்தோடுதான். அவருக்குத் தெரியாது. அவர் அம்மாவுக்குத் தெரியாது. வாசலில் பால் வாங்கக்கூட நான் பூசாமல் போனதில்லை.

எனக்கு இந்த ஞானஸ்நானம் வேண்டும் அக்கா, அவருக்காக மட்டும் இல்லை. ஆனால் பயமாக இருக்கிறது. உடனே எழுது.

உன் சிட்டு


பிப்ரவரி 20

என் கண்ணான சிட்டுக்கு,

நலம். உன் கடிதம் வந்ததும் முழங்கால் போட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். அம்மா இருந்திருந்தால் எப்படிப் பூரித்திருப்பாள். வெளியில் சாப்பிடாதே. ஈரத் தலையோடு படுக்காதே.

கல்யாணம் சந்தோஷம். ஆனால் மறுபடி ஞானஸ்நானம் எதற்கு? இதைப் பற்றி இரண்டு நாள் யோசித்தேன். ஒரு பிள்ளை ஒரு தரம்தான் பிறக்கும். நமக்கு நம் சபையில் முறையாக நடந்தது, அப்பாவும் அம்மாவும் முன்னால் நின்றார்கள். அதைச் செல்லாது என்று சொல்வது அவர்களைச் செல்லாது என்று சொல்வது மாதிரி. தண்ணீரின் அளவிலா இருக்கிறது கிருபை? ஒரு கை தண்ணீரால் ஆகாதது ஒரு தொட்டித் தண்ணீரால் ஆகிவிடுமா? உன் போதகரிடம் பணிவாகக் கேள். நெற்றியில் மட்டும் ஊற்றச் சொல். சளி பிடிக்கும், டாக்டர் வேண்டாம் என்றார் என்று சொன்னாலும் தவறில்லை.

அவரிடம் இப்போது எதையும் சொல்லி வைக்காதே. கல்யாணம் முடியட்டும். பிறகு நேரம் பார்த்துச் சொல்லலாம். ஆண்களுக்கு எல்லாவற்றையும் ஒரே நாளில் காட்டக் கூடாது.

அத்தை கடிதத்தைப் பார்த்து, "என்ன, உன் தங்கச்சி போன்ல பேச மாட்டாளா?" என்று கேட்டார். உனக்குச் சம்பளம் உயர்ந்த செய்தி என்று சொல்லிவிட்டேன். மறக்காதே, உனக்குச் சம்பளம் உயர்ந்திருக்கிறது.

ஜெபத்தில் உன்னைத் தாங்கும்,
அக்கா


மார்ச் 3

அக்கா,

சம்பளம் உயர்ந்த சிட்டு எழுதுவது. சுகமாக இருக்கிறேன். நீ சாப்பிடுகிறாயா? போன கடிதத்தில் உன் எழுத்து கோணலாக இருந்தது.

போதகரிடம் கேட்டேன். நெற்றியில் மட்டும் ஊற்றினால் போதாதா என்று. அவர் சிரித்துவிட்டார். "அதுக்குப் பேர் ஞானஸ்நானம் இல்லைம்மா, காய்ச்சலுக்குத் துணி போடுறது." பிறகு பொறுமையாகச் சொன்னார். மூழ்குவது என்றால் பழைய ஆளை அடக்கம் பண்ணுவது. அடக்கம் பண்ணும்போது ஒரு கையை மட்டும் வெளியே விட்டுவைக்க முடியுமா என்றார். நான் என் இடது கன்னத்தைத் தொடாமல் இருக்க இரண்டு கையையும் மடியில் கோத்து வைத்துக்கொண்டேன்.

போதகரம்மா வெள்ளை அங்கிக்கு அளவு எடுத்தார். அங்கியின் கீழ் மடிப்பில் ஜன்னல் திரைக்குப் போடுகிற சின்ன ஈயக் குண்டுகளை வைத்துத் தைக்கிறார். தண்ணீரில் அங்கி குடை மாதிரி விரிந்து மேலே வந்துவிடாமல் இருக்கவாம். "போன தடவை ஒரு அம்மா குண்டு வேண்டாம்னுட்டாங்க. பரலோகம் போறதுக்கு முன்னாடியே அங்கி மேல போயிடுச்சு" என்று சொல்லிச் சிரித்தார். இன்னொன்றும் சொன்னார். தண்ணீரிலிருந்து படியேறும்போது, குடும்பத்துப் பெண் ஒருத்தி துண்டு விரித்துக் காத்திருந்து போர்த்த வேண்டும். அது அந்தச் சபை வழக்கம். "உங்க வீட்ல யாரு வருவாங்க?" என்றார். "அக்கா" என்று சொல்லிவிட்டேன். வருவாய்தானே?

லிஃப்ட்காரரிடம் சொல்லிவிடலாம் என்று இரண்டு தரம் வாயைத் திறந்தேன். முதல் தரம் பேருந்து வந்துவிட்டது. இரண்டாம் தரம் பேருந்து வரவில்லை, ஆனாலும் சொல்லவில்லை.

கடையில் என் வேலை என்ன தெரியுமா? ஆட்களுக்கு முன்னால் கண்ணாடியைப் பிடிப்பது. பத்து ஃபிரேம் மாட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தர்கூட முதலில் ஃபிரேமைப் பார்ப்பதில்லை. "என் மூக்கு சப்பை." "எனக்குக் கண்ணுக்குக் கீழ பை விழுந்துடுச்சு." "எனக்கு எதைப் போட்டாலும் எடுக்காதும்மா." அழகான பெண்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். நான் எல்லாருக்கும், "உங்களுக்கு இது நல்லா இருக்கு" என்று மனசாரச் சொல்கிறேன். கண்ணாடியைத் திருப்பி வைக்கும்போது அதில் என் முகம் ஒரு நொடி தெரியும். அதற்கு மட்டும் எனக்கு ஒரு வார்த்தையும் வராது.

சின்ன வயதில் அது மறைந்துவிட வேண்டும் என்று தினமும் ஜெபிப்பேனே, உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு. நீயும் ஆமென் சொல்வாய். எப்போது நிறுத்தினேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. நீ நிறுத்தினாயா?

துண்டு விஷயத்தை மறக்காதே.

உன் சிட்டு


ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். வீட்டில் எல்லாரும் நலம். கொஞ்சம் களைப்பு, வேறு ஒன்றும் இல்லை.

இத்துடன் ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். எங்கள் தெருவில் நாடகக் குழுவில் ஒப்பனை செய்யும் ஒரு பெண் இருக்கிறாள். மழையில் நனைகிற காட்சிக்கு நடிகர்கள் பூசுவது இதுதானாம். தண்ணீருக்குக் கரையாது, சோப்புக்கும் கரையாது. எண்ணெய் தொட்டுத் துடைத்தால்தான் போகும். செய்முறையை எழுதுகிறேன், வரிசை மாற்றாதே.

முதலில் முகத்தைக் கழுவி ஈரம் போகத் துடை. மோதிர விரலால் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் சூடாக்கு. தேய்க்காதே, ஒற்று. மெல்லிய பூச்சாக ஒன்று, அது காய்ந்த பிறகு இன்னொன்று. அதன்மேல் கூடவே அனுப்பியிருக்கும் பவுடரைத் தாராளமாக அப்பிவிட்டு, பத்து நிமிஷம் பேசாமல் சிரிக்காமல் உட்கார். பிறகு பிரஷால் உதிர்த்துவிடு. காதோரமும் தாடைக்குக் கீழேயும் மறக்காதே. உனக்கு எப்போதும் அங்கேதான் விட்டுப்போகும்.

இதைப் பூசிக்கொண்டு தாராளமாக மூழ்கி எழு. உன் போதகர் கேட்டபடியும் ஆயிற்று, நம் கவலையும் தீர்ந்தது. உன் விருப்பத்தைத் தடுக்கிறேன் என்று நினைக்காதே. ஆண்டவர் ஒரு வழியைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

கிடைத்ததும் எழுது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

டப்பா உடையாமல் வந்து சேர்ந்தது. உன் களைப்பு எப்படி? டாக்டரிடம் காட்டினாயா?

நீ எழுதிய வரிசைப்படியே பூசினேன். வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, மூச்சை அடக்கி முகத்தை உள்ளே விட்டேன். எடுத்துப் பார்த்தால் ஒரு துளி கலையவில்லை. தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுகிறது, வாழை இலையில் ஊற்றினாற்போல. சந்தோஷத்தில் ஈரத் தலையோடு அறைக்குள் ஒரு சுற்று ஆடினேன். நீ திட்டுவாய்.

பிறகு ஜெபிக்க உட்கார்ந்தேன். வாய் திறக்கவில்லை.

யோசித்துப் பார் அக்கா. காலும் கையும் முதுகும் தலைமுடியும் எல்லாம் அந்தத் தண்ணீருக்குள் போய் நனைந்து வரும். முகம் மட்டும் நனையாது. பழைய சிட்டை அடக்கம் பண்ணிவிட்டோம் என்று சபை பாடும். அவளோ முகத்தில் மெல்லிய பூச்சு இரண்டு அப்பிக்கொண்டு, அப்படியே திரும்பி வந்திருப்பாள். என் முகம் நனையாமல் நான் ஞானஸ்நானம் பெற்றதாகச் சொல்லலாமா? எனக்குத் தெரியவில்லை, அதனால்தான் உன்னைக் கேட்கிறேன். நீ என்னைவிட வேதம் படித்தவள்.

இன்னொன்று. முதல் கடிதத்தில் தண்ணீரே தேவையில்லை என்றாய். இப்போது தாராளமாக மூழ்கு என்கிறாய். உன் உபதேசம் இரண்டு மாதத்தில் எப்படி மாறியது? என்னைவிட உனக்குத்தான் அதிகம் பயம் என்று தோன்றுகிறது. எதற்கு?

துண்டு பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை.

சிட்டு


மே 4

அக்கா,

என் கடிதம் கிடைத்திருக்கும். பதில் இல்லை. பொறுக்க முடியாமல் ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்தேன். உன் மாமியார்தான் எடுத்தார். பேசியதை அப்படியே எழுதுகிறேன்.

"அவ படுத்திருக்காம்மா. இந்த நேரத்துல எழுப்ப வேண்டாம்."

"எந்த நேரத்துல அத்தை?"

"என்னது, உனக்குச் சொல்லலையா? நாலு மாசம் முடியப் போகுது. ஆறு வருஷம் காத்திருந்து கர்த்தர் கண்ணைத் தொறந்திருக்கார். தங்கச்சிகிட்டகூட வாயைத் தொறக்கல பாரேன், அவ்வளவு அழுத்தம்!"

எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அதற்குள் அவர் தொடர்ந்தார். "எனக்கு ஒரு கவலையும் இல்லம்மா. எங்க குடும்பத்துல ஒருத்தருக்கும் ஒரு குறை கிடையாது. உங்க பக்கமும் அப்படித்தான். உன்னையும் பாத்திருக்கேனே, எவ்வளவு லட்சணமான முகம். அதெல்லாம் விசாரிச்சுத்தானே பொண்ணு எடுத்தோம்."

நான், "ஆமா அத்தை" என்றேன். போனை வைத்துவிட்டேன்.

இப்போது எனக்கு எல்லாம் புரிகிறது அக்கா. ஆனாலும் நீ சொல்ல வேண்டும். என்னிடம் நீயே சொல்ல வேண்டும்.

சிட்டு


மே 12

சிட்டு,

உன்னிடம் மறைத்தது தப்பு. முதலில் அது தங்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு உன் முதல் கடிதம் வந்தது. அதன் பிறகு சொல்ல முடியவில்லை.

நீ நினைப்பது சரிதான். சபையும் இல்லை, சளியும் இல்லை, ஒரு கை தண்ணீரும் இல்லை. அவ்வளவும் எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

எதிர் வீட்டு மருமகளுக்கு உதடு பிளந்து ஒரு பிள்ளை பிறந்தது. தைத்தால் சரியாகிவிடும் என்று டாக்டர் சொன்னார், சரியாகியும் விட்டது. ஆனால் அத்தை அந்தப் பெண்ணைப் பார்க்கும்போதெல்லாம், "அவங்க வீட்டு ரத்தம்" என்பார். அவள் காதில் விழும்படியே சொல்வார். அத்தை கெட்டவர் இல்லை. எனக்கு ஒரு வேலையும் வைப்பதில்லை, காலையில் பால் காய்ச்சித் தருகிறார், வயிற்றில் கை வைத்து ஜெபிக்கிறார். ஒவ்வொரு ஜெபத்திலும், "குறையில்லாத பிள்ளையா கொடும்" என்கிறார். நான் ஆமென் சொல்கிறேன். சொல்லும்போது உன் முகம் ஞாபகம் வருகிறது.

உன் லிஃப்ட்காரர் வீட்டிலிருந்து ஞானஸ்நானத்துக்கு எங்களுக்கும் அழைப்பு வந்திருக்கிறது. அத்தை போவோம் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். நீ அந்தப் படியில் கழுவிய முகத்தோடு ஏறி வந்தால், அவர் உன்னைப் பார்க்க மாட்டார் சிட்டு. திரும்பி என் வயிற்றைப் பார்ப்பார். பிள்ளை பிறக்கும் வரைக்கும் பார்ப்பார்.

அந்த டப்பாவைப் பூசிக்கொள். உன் இருதயம் ஆண்டவருக்குத் தெரியும், அது போதும். மனுஷருக்குத் தெரிய வேண்டாம். இதை உன் அக்காவாகக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைக்குத் தாயாகக் கேட்கிறேன்.

துண்டு பிடிக்க நான் வர முடியாது. எனக்கு உடம்பு முடியவில்லை என்று சொல்லி அத்தையையும் நிறுத்திவைக்கப் பார்க்கிறேன். ஆனால் படம் எடுப்பார்கள், பார்த்தவர்கள் பேசுவார்கள்.

அக்கா


மே 30

அக்கா,

உன் கடிதத்தைத் தினமும் படிக்கிறேன். முதலில் உடம்பைப் பார்த்துக்கொள். என் கோபத்தை நினைத்து அதைக் கெடுத்துக்கொள்ளாதே.

அவரிடம் சொல்லிவிட்டேன். சொன்னேன் என்பதைவிடக் காட்டினேன். கடையில் கண் அளவு எடுக்கிற சின்ன அறையில் அவரை உட்காரவைத்து, பஞ்சில் எண்ணெய் தொட்டு அவர் முன்னாலேயே துடைத்தேன். பாதி எண்ணெய் என் காலரில். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"எத்தனை நாளா?"

"பிறந்ததுலேருந்து."

"அதைக் கேக்கல. எத்தனை நாளா என்கிட்ட மறைக்கற?"

"பாத்த நாள்லேருந்து."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இதைப் பாத்து எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா இதைப் பாத்தா நான் ஓடிருவேன்னு நீயா முடிவு பண்ணிட்டல்ல? ஒரு வருஷமா என்னைப் பத்தி அப்படித்தான் நெனச்சிட்டிருந்தியா?" என்று கண்ணாடியை மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். ஐந்தாவது நிமிஷம் திரும்பி வந்தார். ரோடு தெரியவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மறுபடி கோபமாகப் போனார். அதோடு பத்து நாளாக எந்தச் செய்தியும் இல்லை.

எனக்கு வலித்தது. ஆனால் அவர் சொன்னது சரி. எல்லாரையும் நான்தான் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லித் தள்ளி வைத்திருக்கிறேன். அவரை மட்டும் இல்லை. நான் நிறுத்திய அந்த ஜெபத்துக்குப் பதில் வரவில்லை என்று நினைத்தேனே, ஆண்டவரையும்தான். அவர் படைத்ததை அவரிடமே மூடிக்கொண்டு போய் நின்றிருக்கிறேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். உன் பிள்ளைக்காக என் முகத்தை மூடச் சொல்கிறாய். உனக்காக நான் எதையும் மூடுவேன் அக்கா, ஆறு வருஷம் மூடினேனே. ஜூன் பதினைந்துக்குள் என்ன செய்வேன் என்று எனக்கே இன்னும் தெரியாது. ஆனால் ஒன்று கேட்கிறேன், பதில் எழுத வேண்டாம், உனக்குள் சொல்லிக்கொள்.

ஒருவேளை அது உன் பிள்ளைக்கும் இருந்தால், அதற்கு எந்த வயதில் டப்பா வாங்கித் தருவாய்?

சிட்டு


ஜூன் 17

அக்காவுக்கு,

நீ சுகமா? வயிற்றில் இருப்பது சுகமா? உனக்கு உடம்பு முடியவில்லை என்று நீங்கள் இருவரும் வரவில்லை. பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்று ஜெபித்தேன்.

அன்று காலையில் டப்பாவைத் திறந்து உள்ளங்கையில் எடுத்துச் சூடாக்கவும் செய்தேன். உனக்காகப் பூசிக்கொள்வது என்றுதான் நினைத்தேன். ஆனால் கை மேலே எழவில்லை. தண்ணீர் கழுவட்டும் என்று பழைய க்ரீமைப் பூசிப் போகலாமா என்றும் நினைத்தேன். அப்படி நடந்தால் அது விபத்து. நானாகக் கொடுத்ததாகாது. சோப்புப் போட்டுக் கையைக் கழுவினேன், அது போகவில்லை. எண்ணெய் போட்டுக் கழுவினேன். வெறும் முகத்தோடு தெருவில் இறங்கினேன்.

பேருந்தில் ஒரு பெண் என்னைப் பார்த்துவிட்டுத் தன் பையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். ஒரு ஆள் இறங்கும்வரை பார்த்தான். கண்டக்டர் மட்டும் என் முகத்தை நேராகப் பார்த்து, "சில்லறை இல்லையா?" என்றார். ஆறு வருஷம் மூடி வைத்ததற்கு அவ்வளவுதான் அவர் சொன்னது.

சபையில் அப்படி இல்லை. நான் அங்கியோடு வெளியே வந்ததும் பாட்டு ஒரு நொடி தடுமாறியது. எனக்குக் கேட்டது. யாரோ பின்னால், "அந்தக் கண்ணாடிக் கடைப் பொண்ணா? என்னாச்சு, சுட்டுகிட்டாளா?" என்றார்கள். குண்டு தைத்த அங்கி காலை இழுத்தது. போதகர் தொட்டியில் நின்று கை நீட்டினார். அவர் கண் என் கன்னத்துக்குப் போய், பிறகு என் கண்ணுக்கு வந்தது. "ரெடியாம்மா?" என்றார். "இப்பதான்" என்றேன்.

தண்ணீர் குளிர்ச்சி. அதற்கு அடியில் சத்தமே இல்லை அக்கா. கன்னத்தில் தண்ணீர் பட்டது. நேராகத் தோலில். அதை உனக்கு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

படியேறும்போது துண்டோடு யாரும் இருக்க மாட்டார்கள் என்று போதகரம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். நின்றது லிஃப்ட்காரரின் அம்மா. துண்டைப் போர்த்தி, தலையைத் துவட்டிக்கொண்டே காதில் கேட்டார், "இதை மறைக்க தினமும் எவ்வளவு நேரமாகும்?"

"முக்கால் மணி நேரம்."

"அடப்பாவி! முக்கால் மணி நேரம் இருந்தா நான் ஒரு வாரத் துணியைத் துவைச்சுப் போட்டுருவேனே" என்றார். அவர் மனதில் இன்னும் என்ன இருக்கிறது என்று தெரியாது.

லிஃப்ட்காரர் கடைசியில் வந்தார். "எனக்குக் கோபம் இன்னும் போகல. அடுத்த ஞாயித்துக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா. மீதியை நேர்ல காட்டறேன்" என்றார்.

சபையில் எடுத்த படம் இதில் இருக்கிறது. யாருக்கும் காட்டச் சொல்லி அனுப்பவில்லை. பெட்டிக்கு அடியில் வை. நான் எப்படி இருப்பேன் என்று உனக்காவது தெரிந்திருக்கட்டும். நீ கேட்டதை நான் செய்யவில்லை. அதற்காக என்மேல் கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது.

உன் சிட்டு


ஜூன் 28

என் சிட்டுக்கு,

நலமாக இருக்கிறோம், இருவரும். உள்ளே இருப்பது இப்போது உதைக்கிறது.

உன் கடிதம் என் கைக்கு நேராக வரவில்லை. உறைமேல் "படம், மடிக்க வேண்டாம்" என்று நீ எழுதியதைப் பார்த்துவிட்டு, மாப்பிள்ளை படம் என்ற ஆசையில் அத்தையே பிரித்துப் படத்தை மட்டும் எடுத்துவிட்டார். நான் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

"இங்க வாயேன். ஞானஸ்நானப் படம் வந்திருக்கு. எல்லாரும் வெள்ளைல நிக்கறாங்க, நம்ம சிட்டைக் காணோமே?"

ஈரக் கையோடு போய் நின்றேன். நீ நடுவில் நிற்கிறாய். முடி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, துண்டு போர்த்திக்கொண்டு, நேராகப் பார்க்கிறாய். அத்தை உன் முகத்தின்மேல் விரலை வைத்தார். "இது யாருடி, ஐயோ பாவம்? முகத்தைப் பாரேன்."

அவருக்கு உன்னைத் தெரியவில்லை சிட்டு. ஆறு வருஷமாக அவர் பார்த்தது நான் குழைத்துப் பூசிய முகத்தை. யாரோ அந்தச் சபைப் பெண், சிட்டு படம் எடுக்கும்போது உள்ளே துணி மாற்றிக்கொண்டிருந்திருப்பாள் என்று சொன்னால் போதும், அத்தோடு முடிந்தது. வாய்வரை வந்தது. எவ்வளவு சுலபமாக வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. உன் கையில் டப்பா இருந்த மாதிரி என் வாயில் அந்த வார்த்தை இருந்தது.

"அதுதான் சிட்டு, அத்தை" என்றேன்.

அவர் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்ற?"

"பிறந்ததுலேருந்தே அப்படித்தான். என் கல்யாணத்துல நீங்க அவளை மொதல்ல பாக்கறதுக்கு முன்னாடியே நான்தான் மூடிவிட்டேன். அவளா மூடல."

பிறகு நான் பயந்தபடியே அவர் கண் கீழே இறங்கி என் வயிற்றில் நின்றது. "அப்போ இதுக்கு?" என்றார்.

அது வழிவழியாக வருவது இல்லை என்று டாக்டர் எனக்கு எப்போதோ சொல்லிவிட்டார். உனக்கு நான் அதைச் சொன்னதில்லை. அந்தப் பதிலைச் சொல்லியிருந்தால் அத்தைக்கு நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் என் பிள்ளை உன்னைப்போல இருக்காது என்று நான் சத்தியம் செய்து கொடுத்தாற்போல ஆகியிருக்கும். உன் முகம் எங்கள் இருவருக்கும் நடுவில் மேஜைமேல் கிடந்தது. அதன் முன்னால் எனக்கு அதைச் சொல்ல வரவில்லை.

"வந்தா வரட்டும், அத்தை" என்றேன்.

அதன் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. காலையில் பால் காய்ச்சி வைக்கிறார், ஆனால் கூப்பிடுவதில்லை, டம்ளர் மேஜையில் இருக்கும். வயிற்றில் கை வைத்து ஜெபிப்பதும் நின்றுவிட்டது. எல்லாம் கேட்டுவிட்டு உன் அத்தான், "அவ கல்யாணத் தேதி குறிச்சா முன்னாடியே சொல்லு, லீவு எழுதிக் குடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். துண்டோடு நான் நிற்காமல் போனதற்கு உன்னிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முதல் ஆளாக வருவேன்.

படத்தைப் பெட்டிக்கு அடியில் வைக்கவில்லை. கூடத்து அலமாரியில், போனுக்கு மேலே, சுவரில் சாய்த்து வைத்தேன். அடுத்த நாள் காலையில் பார்த்தால் கவிழ்ந்து கிடந்தது. காற்று இல்லை. நிமிர்த்தி வைத்தேன். மறுநாளும் கவிழ்ந்திருந்தது. அவரும் ஒன்றும் சொல்வதில்லை, நானும் கேட்பதில்லை. இதை எழுத உட்காரும்போதுகூட எட்டிப் பார்த்தேன், கவிழ்த்துத்தான் வைத்திருக்கிறார்.

கடிதத்தை இத்தோடு முடிக்கிறேன். எழுந்துபோய் உன்னை நிமிர்த்தி வைக்க வேண்டும்.

உன் அக்கா